மூன்று தவணைகளில் நிறையும் அவை
(மாநிலங்களவைத் தேர்தல் முறையும் தமிழ்நாட்டு வாக்காளரும்)

தண்டையார்பேட்டையில் வாக்குச்சாவடிக்குச் செல்லும் ஒருவர் சட்டப்பேரவைத் தேர்தலில் ஒரே ஒரு பொத்தானைத்தான் அழுத்துகிறார். அந்த ஒரு செயல் இரண்டு அவைகளுக்குச் சென்று சேர்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் தேர்ந்தெடுக்கும் சட்டப்பேரவை உறுப்பினர், பின்னொரு நாளில் தில்லி மாநிலங்களவைக்குத் தமிழ்நாட்டின் சார்பில் செல்வோரைத் தேர்ந்தெடுக்கிறார். தமிழ்நாட்டுக்கு அவ்வவையில் 18 இடங்கள் உள்ளன. ஆயின் ஒரு சட்டப்பேரவை தன் வாழ்நாளில் இப்பதினெட்டில் எத்தனை இடங்களை நிரப்பும்? பதினெட்டையுமா, பன்னிரண்டையா, ஆறையா? மக்களின் விருப்பத்தைப் பொறுத்தது இவ்விடை என்று தோன்றலாம். உண்மையில் அது நாள்காட்டியைப் பொறுத்தது. அந்த நாள்காட்டி எவ்வாறு அமைந்தது, எங்கே தடம் மாறியது என்பவற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

கல்லூரிப் பாடநூல்களில் மாணவர் படிப்பது இதுவே: மாநிலங்களவை கலைக்கப்படாத நிலையான அவை, அதன் உறுப்பினர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் ஈராண்டுகளுக்கு ஒருமுறை ஓய்வு பெறுவர், உறுப்பினர் ஒருவரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். அரசியலமைப்பின் 83ஆம் உறுப்பு வகுக்கும் விதி இது. தேர்வில் இவ்விடையை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஈராண்டுக்கு ஒருமுறை என்பது நெடுங்காலமாக நடைமுறையில் இல்லை.

ஏன் தவணை முறை?

வடசென்னைவாசிகளுக்கு இதனை விளக்குவது எளிது. எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதி ஆலைகளிலும் துறைமுகத்திலும் மூன்று ஷிப்டு முறை உண்டு. எல்லாத் தொழிலாளரும் ஒரே மணியில் வெளியேறினால் இயந்திரம் நின்றுவிடும். ஒரு பகுதியினர் வெளியேற, ஒரு பகுதியினர் உள்ளே நுழைய, வேலை மட்டும் இடையறாது நடக்கிறது. மக்களவையும் சட்டப்பேரவையும் ஒரே மணியில் கலையும் ஆலைகள். மாநிலங்களவை ஷிப்டு முறையில் இயங்குவது.

நம் முன்னோர் வேறொரு வழியைக் கையாண்டனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கூறும் குடவோலை முறையில், முப்பது குடும்புகளிலிருந்து ஓலை எடுத்து ஆண்டுதோறும் வாரியங்கள் முழுமையாகப் புதிதாக்கப்பட்டன. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பு வகித்தவர் பெயர் குடத்தில் இடப்படுவதில்லை. அப்படியாயின் பட்டறிவுத் தொடர்ச்சிக்கு என்ன வழி? அதற்கும் ஏற்பாடு இருந்தது. தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியோர், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோர் ஆகியோர் ஆண்டு வாரியத்திற்குரியோராகக் கொள்ளப்பட்டனர். ஆட்கள் மாறினாலும் அனுபவம் மாறாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. தவணை முறையின் நோக்கமும் இதுவே எனினும், வழி வேறு.

குலுக்கல் முறை அமெரிக்காவிலும் ஒருமுறை பயன்பட்டது. 1789இல் அந்நாட்டுச் செனட் அவை தொடங்கியபோது அதன் உறுப்பினர்கள் மூன்று பிரிவினராக வகுக்கப்பட்டனர். எப்பிரிவு ஈராண்டில், எது நான்காண்டில், எது ஆறாண்டில் ஓய்வு பெறும் என்பது சீட்டெடுத்து முடிவு செய்யப்பெற்றது. மாநிலத்துக்கு இருவர் எனினும் ஒரு மாநிலத்தின் இருவரும் ஒரே பிரிவில் இடம்பெறுவதில்லை. எனவே ஒவ்வொரு மாநிலத்துக்கும் அடுத்தடுத்த மூன்று பொதுத் தேர்தல்களில் இரண்டில் செனட் தேர்தல் உண்டு, ஒன்றில் இல்லை. இன்றும் அதே வரிசை நடக்கிறது.

அமெரிக்க மாநிலங்களின் சட்டமன்றங்களோ பலவிதம். நெப்ராஸ்காவில் ஓரவை மட்டுமே. 49 உறுப்பினர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஈராண்டுக்கொருமுறை தேர்தலைச் சந்திக்கின்றனர். மிச்சிகனில் மேலவை முழுவதும் நான்காண்டுக்கொருமுறை ஒருசேரத் தேர்ந்தெடுக்கப்படுவதால், நாட்டின் குடியரசுத் தலைவர் தேர்தல் நடக்கும் ஆண்டில் அங்கே கீழவைக்கு மட்டுமே தேர்தல். நியூஜெர்சியும் வர்ஜீனியாவும் ஒற்றைப்படை ஆண்டுகளில் வாக்களிக்கின்றன. எந்த ஆண்டில் எந்த மாநிலம் வாக்களிக்கும் என்பதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே அங்குச் சொல்லிவிட முடியும். நம்மிடம் அது இயலாமற் போனதற்குக் காரணம் உண்டு.

நமது மாநிலங்களவை 1952 ஏப்ரல் 3 அன்று அமைந்தது. ஷிப்டு முறையைத் தொடங்கி வைப்பதற்காக, முதல் உறுப்பினர்களுள் ஒரு பகுதியினரின் காலம் 1954 ஏப்ரல் 2 அன்றும், அடுத்த பகுதியினரின் காலம் 1956 ஏப்ரல் 2 அன்றும் முடியுமாறு குடியரசுத் தலைவரின் ஆணை சுருக்கியது. எஞ்சியோர் 1958 வரை முழு ஆறாண்டும் இருந்தனர். அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து சென்ற கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபு அவ்வாறு 1952 முதல் 1958 வரை அவ்வவையில் வீற்றிருந்தவர். 1962இல் காஞ்சிபுரத்தில் தோல்வியுற்ற அறிஞர் அண்ணா அதே ஆண்டில் மாநிலங்களவைக்குச் சென்றதும் இவ்வழியேதான். அவர் கட்சி அவ்வாண்டு சட்டப்பேரவையில் பெற்றிருந்த 50 இடங்கள் அதற்குப் போதுமானவையாக இருந்தன.

தடம் மாறிய கடிகாரம்

1952இல் திருகிவிடப்பட்ட கடிகாரம் தமிழ்நாட்டில் 1976 வரை ஒழுங்காக ஓடியது. எல்லாத் தவணைகளும் ஏப்ரல் 2ஆம் நாளிலேயே முடிந்தன. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. அரசு நீக்கப்பட்டுப் பேரவை கலைக்கப்பட்டது. அடுத்த ஏப்ரல் 2 அன்று ஆறு உறுப்பினர்களின் காலம் முடிந்தது. 1964 முதல் இரு தவணைகள் பணியாற்றிய ஆ.கா.அ. அப்துல் சமது அவர்களும் அவ்வாறு ஓய்வு பெற்றோருள் ஒருவர். ஓய்வு பெற்றோரின் இடத்தை நிரப்பப் பேரவை இல்லை. பேரவை இல்லையேல் தேர்தலும் இல்லை. 1977 ஜூன் மாதத்தில் புதிய பேரவை அமைந்த பின்னரே, அவ்வாண்டு ஜூலை 25 அன்று புதியவர்களின் காலம் தொடங்கியது. ஏறத்தாழப் பதினாறு மாதங்கள் தமிழ்நாட்டின் ஆறு நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன.

அப்பதினாறு மாதங்கள் எத்தகைய மாதங்கள் என்பதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். நெருக்கடி நிலைக் காலம் அது. அரசியலமைப்பின் 42ஆம் திருத்தம் 1976 நவம்பரில் மாநிலங்களவையில் நிறைவேறியபோது தமிழ்நாட்டுக்கு அங்கே 18 பேருக்குப் பதில் 12 பேருக்கே இடமிருந்தது. கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது அத்திருத்தத்தினால்தான். ஆறு பேர் இருந்திருந்தாலும் எண்ணிக்கையால் முடிவு மாறியிராது என்பது உண்மையே. எனினும் கல்வியைப் பற்றிய அதிகாரம் கைமாறிய நாளில் தமிழ்நாட்டின் குரலில் மூன்றில் ஒரு பங்கு அவையில் இல்லை. மாநிலங்களின் அவை என்றே பெயர் கொண்ட ஓர் அவையில் இது சிறு குறையன்று.

அடுத்த அதிர்ச்சி 1980இல் வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு நீக்கப்பட்டுப் பேரவை கலைக்கப்பட்டது. ஏப்ரல் 2 அன்று முடிந்த தவணையை நிரப்ப மே இறுதித் தேர்தல் வரை காத்திருக்க நேர்ந்தது. புதியவர்களின் காலம் ஜூன் 30 அன்று தொடங்கியது. இடையிலிருந்த 1978ஆம் ஆண்டுத் தவணை மட்டும் எத்தடங்கலுமின்றி ஏப்ரலிலேயே நின்றது.

காலம் தாழ்ந்தால் தாழட்டும், அடுத்த முறை பழைய நாளுக்கே திரும்பிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் அவ்வாறே நடக்கும். அங்கே கடிகாரம் நாற்காலியில் பொருத்தப்பட்டுள்ளது. தாமதமாக வந்து அமர்பவர் எஞ்சிய காலத்துக்கு மட்டுமே உரியவர். நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, முறையான தவணைத் தேர்தலில் வருபவருக்கு அவர் பெயர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் முழுமையாக உண்டு. கடிகாரம் ஆளின் கையில் கட்டப்பட்டுள்ளது எனலாம். ஆகவே ஒருமுறை நேர்ந்த தாமதம் நிலையாகிவிடுகிறது. 1977 ஜூலையில் தொடங்கிய தவணை 1983, 1989, 1995, 2001, 2007, 2013, 2019, 2025 என ஜூலை 24ஆம் நாளிலேயே முடிந்து வந்துள்ளது. 1980ஆம் ஆண்டுத் தவணை 1986 முதல் 2022 வரை ஆறாண்டுக்கொருமுறை ஜூன் 29 அன்று முடிந்தது. பின்னர் 1988இலும் 1991இலும் பேரவை கலைக்கப்பட்டபோது எத்தவணையும் முடியும் தறுவாயில் இல்லாததால் புதிய தழும்பு ஏற்படவில்லை.

விளைவாக, இரண்டு, இரண்டு, இரண்டு ஆண்டுகள் என்றிருக்க வேண்டிய இடைவெளி கோணலாகிவிட்டது. 2020 ஏப்ரல் 2 முதல் 2022 ஜூன் 29 வரை இரண்டே கால் ஆண்டு. அதிலிருந்து 2025 ஜூலை 24 வரை மூன்று ஆண்டுகளுக்கும் மேல். அதிலிருந்து 2026 ஏப்ரல் 2 வரை எட்டு மாதங்களும் சில நாட்களும். பதினெட்டில் பன்னிரண்டு இடங்கள் இந்த எட்டு மாத இடைவெளிக்குள் அடுத்தடுத்து நிரப்பப்படுகின்றன. வைகோ அவர்களின் வாழ்க்கைக் குறிப்பிலும் இத்தழும்பைக் காணலாம். 1978, 1984, 1990 ஆகிய ஆண்டுகளில் அவர் ஏப்ரல் தவணையில் சென்றார். 2019இல் மீண்டும் சென்றபோது ஜூலைத் தவணையில் சென்றார்.

ஐந்தும் ஆறும்

இனி இக்கட்டுரையின் மையக் கணக்குக்கு வருவோம். பேரவையின் ஆயுள் ஐந்து ஆண்டு. மாநிலங்களவை உறுப்பினரின் ஆயுள் ஆறு ஆண்டு. ஐந்தும் ஆறும் மீண்டும் ஒரே இடத்தில் சந்திக்க முப்பது ஆண்டுகள் ஆகும். அந்த முப்பதாண்டுச் சுற்றில் ஒவ்வொரு பேரவைக்கும் கிடைக்கும் பங்கு சமமாக இல்லை. இடைத்தேர்தல்களை ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம்.

1996 மே மாதத்தில் தி.மு.க.வும் தமிழ் மாநில காங்கிரசும் சேர்ந்து பெருவெற்றி பெற்றன. அவ்வாண்டு ஏப்ரல் தவணையோ முந்தைய பேரவையின் கையால் முன்பே நிரப்பப்பட்டிருந்தது. ஐந்தாண்டு கழித்து 2001 ஜூலைத் தவணை வந்தபோது புதிய பேரவை அமைந்துவிட்டது. ஆகவே 1996ஆம் ஆண்டுப் பேரவை முழு ஐந்தாண்டு நடந்தும் 1998 ஜூன் தவணை ஒன்றையே, அதாவது ஆறு இடங்களையே நிரப்பியது. 2001ஆம் ஆண்டுப் பேரவைக்கு 2001, 2002, 2004 ஆகிய மூன்று தவணைகளும் கிடைத்தன, இடங்கள் பதினெட்டு. 2006ஆம் ஆண்டுப் பேரவைக்கு 2007, 2008, 2010, அதுவும் பதினெட்டு. 2011ஆம் ஆண்டுப் பேரவைக்கு 2013, 2014 ஆகிய இரண்டே; 2016 ஜூன் தவணை அடுத்த பேரவையின் முதல் மாதத்தில் விழுந்துவிட்டது. 2016ஆம் ஆண்டுப் பேரவைக்கு 2016, 2019, 2020 என மூன்று. 2021ஆம் ஆண்டுப் பேரவையின் பங்கில் 2022, 2025, 2026 என மீண்டும் மூன்று.

கூட்டிப் பாருங்கள்: 6, 18, 18, 12, 18, 18, மொத்தம் 90. முப்பது ஆண்டில் ஐந்து முழுச் சுற்று, சுற்றுக்குப் பதினெட்டு. கணக்கு நேராகிறது. ஆறு பேரவைகளுக்கும் சமமாகப் பங்கிட்டிருந்தால் ஆளுக்குப் பதினைந்து வந்திருக்கும். வந்ததோ ஒருவருக்கு ஆறு, மற்றொருவருக்குப் பதினெட்டு.

இதனினும் வியப்பு 1989ஆம் ஆண்டுப் பேரவை. 1989 ஜனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1991 ஜனவரி 30 அன்று கலைக்கப்பட்ட அது ஈராண்டே வாழ்ந்தது. ஆயினும் 1989 ஜூலை, 1990 ஏப்ரல் ஆகிய இரு தவணைகளும் அந்த ஈராண்டுக்குள் வந்தமையால் பன்னிரண்டு இடங்களை நிரப்பிச் சென்றது. ஐந்தாண்டு முழுமையாக வாழ்ந்த 1996ஆம் ஆண்டுப் பேரவைக்கு இதில் பாதிதான் கிடைத்தது. 1996இல் தண்டையார்பேட்டையில் வரிசையில் நின்று வாக்களித்தவரின் வாக்கு, 1989இல் அதே வரிசையில் நின்றவரின் வாக்கைவிட மாநிலங்களவையைப் பொறுத்தவரை பாதி எடையே கொண்டிருந்தது. இதனை எக்கட்சியும் திட்டமிட்டுச் செய்யவில்லை. 1976இலும் 1980இலும் பேரவை கலைக்கப்பட்ட நாட்களின் எச்சம் இது.

முப்பத்து நான்கு வாக்கு

தவணை முறை காலத்தை மட்டும் பங்கிடுவதில்லை. வெற்றிக்குரிய அளவையும் மாற்றுகிறது. மாநிலங்களவைத் தேர்தல் ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடைபெறுவது. உறுப்பினர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசையில் குறிப்பர். நிரப்பவேண்டிய இடங்களோடு ஒன்றைக் கூட்டி, அதனால் மொத்த வாக்குகளின் மதிப்பை வகுத்து, ஈவுடன் ஒன்றைச் சேர்த்தால் வருவது வெற்றி வரம்பு. 234 உறுப்பினர் கொண்ட பேரவையில் ஆறு இடங்களுக்கு எனில் 234ஐ ஏழால் வகுக்க வேண்டும். 34 பேரின் முதல் விருப்பம் இருந்தால் ஓர் இடம் உறுதி. ஒரே இடத்துக்குத் தேர்தல் எனில் 118 பேர் வேண்டும். பதினெட்டு இடங்களையும் ஒரே நாளில் நிரப்புவதாக வைத்துக்கொண்டால் 234ஐப் பத்தொன்பதால் வகுக்க வேண்டும். 13 பேர் போதும்.

2021ஆம் ஆண்டு முடிவை இதில் பொருத்திப் பார்ப்போம். தி.மு.க. அணி 159, அ.தி.மு.க. அணி 75. ஆறு இடத் தேர்தலில் முன்னதற்கு நான்கு, பின்னதற்கு இரண்டு. 2022இலும் 2025இலும் அவ்வாறே போட்டியின்றி அமைந்தது. பதினெட்டையும் ஒருசேர நிரப்பியிருந்தாலும் பங்கு ஏறக்குறைய பன்னிரண்டுக்கு ஆறுதான். பெரிய அணிகளுக்கு இதனால் இழப்பும் இல்லை, ஆதாயமும் இல்லை.

இடைப்பட்ட கட்சிகளின் நிலை வேறு. 2021இல் 18 உறுப்பினர் பெற்ற காங்கிரஸ், வரம்பு 13 எனில் சொந்தக் காலில் ஒருவரை அனுப்பியிருக்கும். 34 என்றானபோது தோழமைக் கட்சியின் வாக்கையே எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. 2011ஆம் ஆண்டுப் பேரவை இதற்கு இன்னும் தெளிவான சான்று. அதில் தே.மு.தி.க. 29 இடங்களும் தி.மு.க. 23 இடங்களும் வென்றிருந்தன. இரண்டும் 34க்குக் கீழ். 2013 ஜூன் மாதம் நடந்த தேர்தலில் பிற கட்சிகளின் துணையைத் திரட்டிய தி.மு.க.வின் கனிமொழி வென்றார். சிலரை இழந்திருந்த தே.மு.தி.க.வின் வேட்பாளர் தோற்றார். பேரவையில் எதிர்க்கட்சித் தகுதி பெற்றிருந்த ஒரு கட்சிக்கு அத்தவணையில் ஓரிடமும் இல்லை. தவணை முறை நிலைத்தன்மை தருகிறது என்று பாராட்டுவோர், அதற்குரிய விலையைக் கொடுப்பவர் யார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மூன்று காலியிடங்கள்

இடைத்தேர்தலில் இக்கணக்கு மேலும் கூர்மையடைகிறது. 2021 மார்ச்சில் அ.தி.மு.க. உறுப்பினர் முகமது ஜான் மறைந்தார். அவ்வாண்டு மே மாதத்தில் அதே கட்சியின் கே.பி. முனுசாமியும் ஆர். வைத்திலிங்கமும் பேரவை உறுப்பினராகத் தேர்வு பெற்று மாநிலங்களவைப் பதவியிலிருந்து விலகினர். மூன்று இடங்கள் காலியாயின. அ.தி.மு.க.வுக்கோ பேரவையில் 66 பேர். மூன்று இடங்களுக்கும் ஒரே தேர்தல் எனில் வரம்பு 59. ஓரிடம் அக்கட்சிக்குத் தவறாது.

ஆனால் அம்மூவரும் மூன்று வெவ்வேறு தவணைகளைச் சேர்ந்தவர்கள். வைத்திலிங்கத்தின் காலம் 2022 ஜூனிலும், முகமது ஜானின் காலம் 2025 ஜூலையிலும், முனுசாமியின் காலம் 2026 ஏப்ரலிலும் முடிய வேண்டியவை. இடைத்தேர்தலில் வருபவருக்கு முன்னவரின் எஞ்சிய காலமே உரியது. இங்கு மட்டும் நம் சட்டத்திலும் கடிகாரம் நாற்காலிக்குச் சென்றுவிடுகிறது. எனவே ஒவ்வோர் இடமும் தனித் தேர்தலாகவே கொள்ளப்படுகிறது. தனித் தேர்தல் எனில் வரம்பு 118. மூன்று இடங்களுக்கும் தி.மு.க.வைச் சேர்ந்த எம்.எம். அப்துல்லா, கனிமொழி என்.வி.என். சோமு, கே.ஆர்.என். ராஜேஷ்குமார் ஆகியோர் 2021 செப்டம்பரில் போட்டியின்றித் தேர்வாயினர். மக்கள் எண்ணியதும் அதே, உறுப்பினர் எண்ணிக்கையும் அதே. மூன்றையும் ஒன்றாக எண்ணினால் ஒரு முடிவு, ஒவ்வொன்றாக எண்ணினால் வேறு முடிவு. 2019இல் குஜராத்தில் இரண்டு இடங்கள் காலியானபோதும் இதே வழக்கு எழுந்தது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது.

நாற்காலி வெறுமையாவது மாநிலங்களவையில் மட்டும் நேர்வதன்று. தண்டையார்பேட்டையை உள்ளடக்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன் நகர் தொகுதி, செல்வி ஜெயலலிதா மறைந்த 2016 டிசம்பர் 5 முதல் 2017 டிசம்பர் இடைத்தேர்தல் வரை உறுப்பினரின்றி இருந்தது. நல்வாய்ப்பாக எந்த மாநிலங்களவைத் தவணையும் அவ்வாண்டில் விழவில்லை. ஆனால் 2017 ஜூலையில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தல் விழுந்தது. தமிழ்நாட்டுப் பேரவை உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு அத்தேர்தலில் 176. அந்த 176 இப்பகுதி மக்களின் பெயரால் அளிக்கப்படாமலே போயிற்று.

பஞ்சாபில் நேர்ந்தது

தமிழ்நாட்டின் கடிகாரம் கோணியது. பஞ்சாபின் கடிகாரமோ மூன்று முள்ளும் ஒன்றாய் ஒட்டிக்கொண்டது. அங்கே 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவர் ஆட்சி. அந்நெடிய காலத்தில் மாநிலத்தின் ஏழு மாநிலங்களவை உறுப்பினர்களும் ஒருவர்பின் ஒருவராக ஓய்வு பெற்றனர். 1992இல் பேரவை அமைந்ததும் எல்லா இடங்களும் ஒரே ஆண்டில் நிரப்பப்பட்டன. அன்றுமுதல் அங்கே தவணை என்பது பெயரளவில்தான். 2022 மார்ச்சில் ஆம் ஆத்மி கட்சி 117 இடங்களில் 92 பெற்று ஆட்சியமைத்தது. அடுத்த சில மாதங்களுக்குள் மாநிலங்களவையின் ஏழு இடங்களும் அக்கட்சிக்கே சென்றன. ஒரே அலையில் ஓர் அவை முழுவதும் மாறக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட முறை, ஒரே அலையில் ஒரு மாநிலத்தின் ஏழு நாற்காலிகளையும் மாற்றியது.

தவணை முறை தன் வேலையைச் செய்த சந்தர்ப்பங்களும் உண்டு. 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்புக்கான திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியும் மாநிலங்களவையில் ஒரு வாக்குக்கும் குறைவான பின்னத்தால் தோற்றது. 1989இல் மக்களவையில் நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் கொண்டிருந்த அரசு கொண்டுவந்த உள்ளாட்சித் திருத்தங்கள் மாநிலங்களவையைத் தாண்டவில்லை. திருத்திய வடிவில் 73, 74ஆம் திருத்தங்களாக 1992 டிசம்பரில்தான் நிறைவேறின. 1973 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி இருந்த சென்னை மாநகராட்சிக்கு 1996இல் தேர்தல் நடந்தது அவற்றின் பின்னரே. காலதாமதம் நன்மையா தீமையா என்பதில் பெரியோர் இருவேறு கருத்துக் கொள்ளலாம். என் கருத்தில், விவாதத்துக்காகத் தாமதித்தல் வேறு, நாற்காலி காலியாகக் கிடந்ததால் விவாதமே குறைந்துபோதல் வேறு. 1989இல் நிகழ்ந்தது முன்னது; 1976இல் தமிழ்நாட்டுக்கு நேர்ந்தது பின்னது.

நம் மாநிலத்திலேயே தவணை முறையில் இயங்கிய ஓர் அவை இருந்ததை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சட்ட மேலவைக்கு ஆசிரியர் தொகுதி, பட்டதாரிகள் தொகுதி என்று தனித் தொகுதிகள் இருந்தன; கல்லூரி ஆசிரியர் தம் உறுப்பினரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். அதிலும் மூன்றில் ஒரு பங்கினர் ஈராண்டுக்கொருமுறை ஓய்வு பெற்றனர். ம.பொ. சிவஞானம் அவைத்தலைவராக இருந்தபோது, 1986 நவம்பர் 1 அன்று அவ்வவை ஒழிக்கப்பட்டது. 2010இல் அதனை மீட்க எடுக்கப்பட்ட முயற்சி 2011இல் ஆட்சி மாறியதும் நின்றுபோயிற்று. ஆகவே இன்று தமிழ்நாட்டு வாக்காளருக்குத் தவணை முறையோடு உள்ள ஒரே தொடர்பு மாநிலங்களவை வழியே வருவது.

வரும் சுற்று

முப்பதாண்டுச் சுற்று 2026இல் மீண்டும் தொடக்கப் புள்ளிக்கு வருகிறது. ஏப்ரல் தவணை முந்தைய பேரவையின் பங்கு. 2026ஆம் ஆண்டுப் பேரவை முழு ஐந்தாண்டும் நிலைத்து 2031 மே வரை நடக்குமாயின், 1996ஆம் ஆண்டுப் பேரவையைப் போலவே அதற்கு வாய்ப்பது ஒரே தவணை: 2028 ஜூன் 29 அன்று முடியும் தவணை. இடங்கள் ஆறு. இத்தேர்தலில் எக்கட்சி எத்துணைப் பெரும்பான்மை பெறினும் தமிழ்நாட்டின் எஞ்சிய பன்னிரண்டு இடங்களில், மறைவாலோ விலகலாலோ காலியாவன தவிர, அது கை வைக்க இயலாது.

நாடெங்கும் மக்களவைக்கும் பேரவைகளுக்கும் ஒரே காலத்தில் தேர்தல் நடத்துவதற்கான திருத்த மசோதா 2024 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. அதுபற்றிய விவாதங்களில் செலவு, பாதுகாப்பு, நிர்வாகம் ஆகியவை பேசப்படும் அளவுக்கு மாநிலங்களவைத் தவணைகள் பேசப்படுவதில்லை. இன்று அவ்வவையின் நிலைத்தன்மைக்கு இரு தூண்கள் உள்ளன. உறுப்பினர்கள் தவணை முறையில் ஓய்வு பெறுவது ஒன்று. அவர்களை அனுப்பும் பேரவைகள் வெவ்வேறு ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கப்படுவது மற்றொன்று. எல்லாப் பேரவைகளும் ஒரே நாளில் பிறந்து ஒரே நாளில் முடியுமாயின் இரண்டாம் தூண் இராது. அரசியல் அறிவியல் பயிலும் மாணவர்கள் ஒவ்வொரு மாநிலத்தின் தவணை நாட்களையும் ஒரு தாளில் வரைந்து, ஐந்தாண்டுக் கோடுகளை அதன்மேல் இட்டுப் பார்த்தால், எந்தப் பேரவைக்கு எத்தனை இடம் என்பது தானே தெரியவரும். தமிழ்நாட்டுக்கு அக்கணக்கை இங்கே காட்டியுள்ளேன். கேரளத்தின் ஒன்பது இடங்களுக்கும், ஆறாண்டுக்கொருமுறை ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் புதுச்சேரிக்கும் அவர்களே போட்டுப் பார்க்கலாம். புதுச்சேரியில் முப்பதாண்டில் ஐந்தே தேர்தல், ஆறு பேரவைகள். முழுக்காலமும் நடந்தாலும் ஒரு பேரவைக்கு ஒன்றுமே வாய்க்காது.